நிமிர்ந்து நின்ற தூண்

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெருமக்களே, முன்வரிசை ஆச்சிமார்களே, வணக்கம். 'மனத்தை ஆட்கொள்வது அழகா, பிரமிப்பா?' பிரமிப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மா ஆத்தங்குடித் தரைக்கல்லில் பூத்த பூவைக் காட்டினார், கொட்டான் என்னும் ஓலைக்கூடையின் பின்னலைக் காட்டினார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரில் கன்னம் வைத்தால் வழுக்குகிறது என்றார். அழகுதான், யார் மறுத்தது? ஆனால் 1757இல் எட்மண்ட் பர்க் என்ற சீமைச் சிந்தனையாளர் ஒரு கணக்கு எழுதி வைத்தார். சின்னதும் வழவழப்பும் அழகின் பக்கம். பெரியதும் இருண்டதும் கொஞ்சம் பயமுறுத்துவதும் பிரமிப்பின் பக்கம். அம்மா கொண்டுவந்த சரக்கு மொத்தமும் ஒரே பக்கத்தில் விழுந்துவிட்டது. பேரேடு பார்த்த ஊருக்கு இதைச் சொல்லித் தரவேண்டுமா!

அம்மாவைப் பெற்ற ஆயா வீட்டு முகப்பில் பர்மாத் தேக்குத் தூண் ஒன்று. ஐந்து வயதில் அதைக் கட்டிப்பிடிப்பேன்; இரண்டு கைவிரலும் ஒன்றையொன்று தொடாது. மேலே பார்த்தால் தூண் இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும். அடிவயிறு என்னவோ செய்யும். ஆனாலும் மறுநாள் அதே தூணுக்குத்தான் ஓடுவேன்.

"பயம் எப்படி ஐயா ரசனையாகும்?" என்று மடக்கினார்கள். மேலே வந்து விழுந்தால் ஆகாது. தள்ளி நின்றால் ஆகும். பர்க் சொன்னதும் அதுதான். கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, ரங்கூன் போனவர் நடுக்கடலில் காற்று பிடித்தபோது முருகனைக் கூப்பிட்டிருப்பாரே தவிர அலையை ரசித்திருக்க மாட்டார். அதே அலையை ஊர் திரும்பி வீட்டு வளவு முற்றத்தில் உட்கார்ந்து சொன்னபோது, பிள்ளைகள் கையில் சோறு காய்ந்திருக்கும்.

சரி, இதைச் சீமைச் சரக்கு என்றும் தள்ள முடியாது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சிகளில், மருட்கை என்னும் வியப்பும் ஒன்று. அது பிறக்கும் இடம் நான்கில் பெருமையும் உண்டு, சிறுமையும் உண்டு. 'சிறுமை' என்றதும் அம்மா சிரிக்கிறார். சிரிக்கட்டும்! எல்லை மீறி நுணுகிப் போனால் அதுவும் பிரமிப்போடுதான் சேரும் என்று பர்க்கும் ஒத்துக்கொள்கிறார்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம். அந்த வீட்டை இடித்தாகிவிட்டது. தூணைப் போன வருடம் ஒரு பழம்பொருள் கடையில் பார்த்தேன். படுக்க வைத்து, மெருகேற்றி, விலைச்சீட்டு ஒட்டியிருந்தார்கள். இப்போது, அம்மா சொன்ன மாதிரியே, ரொம்ப அழகாக இருந்தது.