சுண்டுக்குளியா, சுண்டிக்குளமா?

நேயர்களுக்கு வணக்கம்.

2024 கார்த்திகை வெள்ளத்தின்போது யாழ்ப்பாண நகரில் சுண்டுக்குளிப் பக்கம் ஒரு பாடசாலையில் நலன்புரி நிலைய வேலையில் நின்றேன். மைம்மல் நேரம் ஒரு லொறி வந்தது. "இது சுண்டிக்குளம்தானே?" என்றார் சாரதி. சுண்டிக்குளம் கிடப்பது வடமராட்சி கிழக்கின் தொங்கலில்! யாரோ தொலைபேசியில் சொல்ல, யாரோ ஆங்கில எழுத்தில் குறிக்க, பாயும் நுளம்பு வலையும் ஊர் மாறி வந்துவிட்டன.

எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 'ஜே' என்று தொடங்கும் இலக்கம் உண்டு. ஜி.எஸ். என்கிற கிராம அலுவலரிடம் கடிதம் வாங்கியவர்களுக்குத் தெரியும். சாரதியின் துண்டில் அந்த இலக்கம் இருந்திருந்தால் லொறி நேரே போயிருக்கும்.

அன்றிரவு கைக்குழந்தையோடு இருந்த ஒரு தாயிடம் பெயர் கேட்டேன். "இதோடை நாலு பேர் எழுதிப்போட்டியள் தம்பி. பால்மா எப்ப வரும்?" என்றார். அரச அலுவலருக்கு ஒரு கொப்பி, தொண்டு நிறுவனத்துக்கு ஒன்று, கோயில் சபைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நாலிலும் அவர் பெயர் இருந்தது. ஒன்றிலும் குழந்தையின் வயது இல்லை. என் கொப்பியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இத்தனைக்கும் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்த நாட்டுக் கணினிக்காரர்கள் கூடி 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனவர்கள், முகாம்கள், எந்த நிறுவனம் எங்கே நிற்கிறது, யாருக்கு என்ன தேவை, எல்லாம் ஒரே இடத்தில். 2010 ஹெய்ட்டி பூகம்பத்திலும் அது பயன்பட்டது. நான் நின்றதோ நாற்பது பக்கக் கொப்பியோடு.

சரி, கணினி கிடக்கட்டும். எண்ணிக்கை எடுத்த நேரத்தையாவது எழுதவேண்டும். காலையில் இருந்த குடும்பங்களில் பாதி பின்னேரம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடும். காலைக் கணக்கு மட்டும் இரண்டு நாள் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொன்று, பகிரவேண்டியது தேவையை. தனித்திருக்கும் பெண்ணின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வட்சப் குழுவில் போடுவது உதவியல்ல, வம்பு.

மறுநாள் காலை வகுப்பறைக் கரும்பலகையை வாசலுக்குக் கொண்டுவந்தோம். ஜே இலக்கம், எண்ணிய நேரம், குடும்பங்கள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள், வந்த பொருள், கொடுத்தவர், இன்னும் வேண்டியது. அவ்வளவுதான். பிற்பகல் வந்த குழு அதை வாசித்தது. இறக்கிய பாய்க்கட்டைத் திரும்ப ஏற்றிவிட்டு, பால்மா வாங்கக் கடைக்குப் போனது.