“கை நீட்டினதே இல்லை” என்ற சான்றிதழ்

(கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு நூலக வாசகர் வட்டம் நடத்திய மகளிர் தினக் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன். மைக் கரகரத்ததை மட்டும் விட்டுவிட்டேன்.)

அவைத் தலைவர் அவர்களே, முன்னாள் ஊராட்சித் தலைவர் அவர்களே (பதவிக்காலம் முடிந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டால் நாங்கள் இன்னும் உங்களுக்குத்தான் போன் செய்கிறோம்), பங்குத்தந்தை அவர்களே, கோயில் கமிட்டிச் செயலாளர் அவர்களே, ஜமாத் தலைவர் அவர்களே, மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எங்கள் மாவட்டத்துக்கே உரிய அழகு. மகளிர் சுய உதவிக் குழுத் தலைவிகளே, அண்டி ஆபீசில் (முந்திரிப்பருப்பு ஆலையில்) அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் தோழிகளே, என் மாணவ மாணவியரே, எல்லாருக்கும் வணக்கம்.

பொன்னாடை வேண்டாம், ஒரு புத்தகம் போதும் என்று முன்பே சொல்லியிருந்தேன். இரண்டும் கொடுத்துவிட்டார்கள். நன்றி. அவைத் தலைவர் என் பழைய மாணவர். எட்டாம் வகுப்பில் ஒற்றுப்பிழைக்காக ஒரே வரியை நூறு தடவை எழுதியவர். இன்று எனக்கு இருபது நிமிடம் என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறார். அதிலும் ஒரு ஒற்று விட்டுப் போயிருக்கிறது, போகட்டும்.

32 வருடம் தமிழாசிரியையாக இருந்தேன். கரும்பலகையின் வலது மூலையில் தினம் ஒரு பழமொழி எழுதுவது என் வழக்கம். எனக்குப் பிடித்தது எது என்று முன்வரிசைக்காரர்களுக்குத் தெரியும், சிரிக்கிறார்களே. எறும்பு ஊரக் கல்லும் தேயும். விடாமுயற்சிக்குச் சொல்வது. எறும்பைப் பாராட்டியே என் உத்தியோக காலம் முடிந்தது. அந்தக் கல்லுக்கு என்ன ஆயிற்று என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்று கல்லின் பக்கம் நின்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். வீட்டுக்குள் அடி இல்லாமல், காயம் இல்லாமல், ஒரு மனுஷியைத் தேய்த்து எடுப்பதை எப்படி அடையாளம் காண்பது? ஆறு அடையாளங்கள் தாளில் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சான்றிதழைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையைப் பற்றி நம் ஊரில் விசாரித்தால் என்ன சொல்வார்கள்? “குடி கிடையாது. ஒருநாளும் கை நீட்டினதே இல்லை.” அவ்வளவுதான், பாஸ். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலாவதாக நின்ற மாவட்டம் இது. இங்கே முதுகலை படித்த பெண் தன் அம்மையிடம் போய், “என்னால முடியல்ல” என்கிறாள். “அடிச்சானா?” “இல்ல.” “பின்ன என்னத்துக்குப் பிள்ளே அழுதா?” இந்தப் ‘பின்ன என்னத்துக்கு’ தான் அந்தச் சான்றிதழின் அடியில் நாம் போடும் கையெழுத்து.

அரசாங்கக் கணக்கிலும் கொஞ்சம் அப்படித்தான். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாக வருகிறது. பத்திரிகையில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணுக்குள் அடி, உதையும் பாலியல் வன்முறையும் மட்டுமே அடங்கும். மனத்தை நோகடித்ததை ஆய்வில் தனியாகக் கேட்கிறார்கள். தலைப்புச் செய்திக்கு அது வருவதில்லை.

சரி, முதல் அடையாளம், ஆளைத் தனியாக்குவது. இதற்கு ஒரு கதை இருக்கிறது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, ஊரையும் சில விவரங்களையும் மாற்றிச் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வாழ்க்கைப்பட்டு வந்தாள். கணவர் கல்ஃபில். கல்யாணம் முடிந்து நாற்பது நாளில் திரும்பப் போய்விட்டார். மாமியார் காலமாகியிருந்தார், நாத்தனார் சென்னையில். வீட்டில் இவளும் ஒரு கைக்குழந்தையும். புதிதாக வந்த பிள்ளை, நாலு வார்த்தை பேசுவோம் என்று ஒரு சாயங்காலம் போனேன். வாசலில் நின்றே பேசினாள். உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. சாயா வரவில்லை.

நம்ம நாட்டில் இது சின்ன விஷயமா? அரிசி இல்லாத வீட்டில்கூட ஒரு கட்டன் சாயா போட்டுத் தருவார்கள். மரம் ஏற வந்தவருக்கும், கரண்ட் கணக்கெடுக்க வந்தவருக்கும், ஏன், கடன் கேட்டு வந்தவருக்கும் சாயா உண்டு. ரிட்டயர்டு டீச்சருக்கு இல்லை! சரி, பால் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக் கொண்டேன். அடுத்த வாரம் வாழைக்காய் வறுத்து எடுத்துக் கொண்டு போனேன். வாங்கிக் கொண்டாள், பாத்திரத்தை உடனே கழுவித் திருப்பித் தந்தாள். சாயா இல்லை. மூன்றாவது தடவை வேண்டுமென்றே, “என்ன வெயில், தொண்டை காயுது” என்றேன். தண்ணீர் வந்தது. நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். டம்ளரை என் கையிலிருந்து வாங்கின வேகத்தில் உள்ளே போய்க் கழுவித் துடைத்து அடுக்கி வைத்துவிட்டு வந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரு முழுக்கச் சொன்னேன். “கல்ஃப் பணம், கையில ஈரம் இல்ல” என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது. ஒரு வருடம் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

அப்புறம் 2017 நவம்பர் 30. ஓகி புயல். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை ஊர்களில் வள்ளத்தில் போனவர்கள் திரும்பவில்லை என்று அழுகை. இந்தப் பக்கம் ரப்பரும் வாழையும் சாய்ந்து, வழி முழுக்க மரம். கரண்ட் கம்பம் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்! இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மெழுகுவர்த்தி இருக்கிறதா என்று கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். கதவு அகலத் திறந்து கிடக்கிறது. குழந்தையை மடியில் வைத்துப் பாட்டுப் பாடிக் கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “டீச்சர், இன்னைக்காவது ஒரு சாயா போடட்டா?” என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. “ஒரு வருஷமாப் போடாத சாயா இன்னைக்கு எதுக்கு?” என்று கேட்டுவிட்டேன். அவள் செத்துக் கிடந்த போனைக் காட்டினாள். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஐமோவில் வீடியோ கால் வருமாம். வாசல் கதவின் கொண்டியைக் காட்ட வேண்டும், பின்கதவைக் காட்ட வேண்டும், கட்டிலைக் காட்ட வேண்டும், கடைசியில் அடுக்களைத் தொட்டியைக் காட்ட வேண்டும். ஒருநாள் தொட்டியில் இரண்டு டம்ளர் கிடந்திருக்கிறது. “ரெண்டாவது டம்ளர் யாருக்கு?” அன்றைக்கு விடிய விடியக் கேள்வி. வந்தவள் அவளுடைய சித்தி. மறுநாள் சித்திக்குப் போன் போட்டு, என் மனைவியைக் கெடுக்க வராதீர்கள் என்றும் சொல்லிவிட்டார். அதோடு சித்தி வரவு நின்றது. அண்ணன் வரவு அதற்கு முன்பே நின்றிருந்தது. மயினி, மாமி என்று ஒவ்வொருவராகக் கழன்றுபோய், கடைசியாக மிச்சமிருந்தது நான். என்னையும் ஒரு டம்ளர் துரத்திவிட்டது.

“அவரு கை நீட்டினதே இல்ல டீச்சர். எம்மேல பாசம் கூடுதல், அதான் கேக்காரு” என்றாள். ஊரே நடுங்கிக் கிடந்த அந்த ராத்திரிகளில்தான், கல்யாணத்துக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கினேன் என்றும் சொன்னாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும். அந்தக் கல்லைக் கஞ்சப்பிசினாறி என்று தெருவெல்லாம் சொல்லி வந்தவள் நான். எறும்புக்குக் கொஞ்சம் கூலியில்லா ஒத்தாசை.

இன்று அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறாள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது அடையாளம், அவள் கண்ணையும் நினைவையும் அவளே நம்பாமல் ஆக்குவது. கேஸ்லைட்டிங் என்று பின்வரிசைப் பிள்ளைகள் சொல்கிறீர்கள். 1938இல் இங்கிலாந்தில் அரங்கேறிய ஒரு நாடகத்திலிருந்து வந்த சொல் அது. வீட்டு எரிவாயு விளக்கு மங்குவதை மனைவி கண்ணால் பார்க்கிறாள். உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நம்ப வைக்கிறான் கணவன். நமக்கு எரிவாயு விளக்கு எதற்கு, மோட்டார் சுவிட்ச் போதும். “மோட்டாரை நீதான் போட்டுட்டு மறந்தே.” “நான் அப்படிச் சொல்லவே இல்லை, நீயா கற்பனை பண்ணுதே.” பத்துத் தடவை கேட்டால் சிரிப்பு வரும், நூறு தடவை கேட்டால் சந்தேகம் வரும். ஆயிரம் தடவை கேட்டவள், “எனக்கு மறதி கூடிப்போச்சு” என்று அவளே சொல்ல ஆரம்பிப்பாள்.

புருஷன் பொண்டாட்டி சண்டை எல்லா வீட்டிலும் உண்டே டீச்சர் என்று முன்னாள் தலைவர் முணுமுணுப்பது காதில் விழுந்தது. உண்டு. நானும் என் வீட்டுக்காரரும் மரச்சீனிக்கு எத்தனை மிளகாய் என்பதில் இன்றைக்கும் சண்டை போடுகிறோம். சண்டையில் இரண்டு பேருக்கும் வாய் இருக்கும். நான் சொல்லும் வீட்டில் ஒருவர் மட்டும் பேசுவார். மற்றவர் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுப் பார்ப்பார். வேறு சோதனை வேண்டாம், வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் உங்கள் வயிறு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். இப்படித் தேய்ந்த ஆண்களும் உண்டு, அவர்கள் சொன்னால் சிரிக்காமல் கேளுங்கள்.

இது புதிதும் இல்லை. நம் தேரூர்க் கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்தில் கதை சொல்கிறவள் ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்ட மனைவி. மாமியின் அரசியலுக்கு ஒரு படலமே இருக்கிறது. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரி மகனுக்குப் போகும் முறையைக் கிண்டல் செய்யும் நூல் என்று நான் வகுப்பில் நடத்தினேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று தேர்வில் ஒரு கேள்வி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது, பணம். அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிடும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு வாயால் செய்வதையும் மனத்துக்குச் செய்வதையும் பணத்தால் செய்வதையும் வன்முறை என்றே சொல்கிறது. இழிவாகப் பேசுவது, பட்டப்பெயர் வைப்பது, பிள்ளை இல்லை என்றோ ஆண்பிள்ளை இல்லை என்றோ குத்துவது எல்லாம் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. காயத்தைக் காட்டு என்று யாராவது திருப்பி அனுப்பினால், 3ஆம் பிரிவு என்று சொல்லுங்கள். 4ஆம் பிரிவு என்னைப் போன்ற அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு. நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம், அதற்காக அவர்மேல் வழக்கு வராது. பெண்கள் உதவி எண் 181க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசில்லை. இங்கிலாந்தில் 2015இல் ஒரு சட்டம் போட்டார்கள், ஒரு அடிகூட விழாமல் துணையைத் தொடர்ந்து அடக்கி ஆண்டாலே ஐந்து வருடம் வரை சிறை.

பணத்துக்கு வருகிறேன். சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது, ஏடிஎம் அட்டை கணவர் பர்சில். நகை அடகில், ரசீது மாமனார் பெட்டியில். கையில் பத்து ரூபாய் இல்லாத பெண் 181க்குப் பேசிய பிறகு எதில் ஏறிப் போவாள்? 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தத் திட்டத்தைப் பற்றி யார் என்ன கிண்டல் செய்தாலும், பத்து ரூபாய்க்குக் கணக்குக் கேட்கும் வீட்டிலிருந்து வெளியே வர அது ஒரு கதவு.

அந்தக் கதவைத்தான் எங்கள் ஊருக்கு மூடிவிட்டார்கள். அவைத் தலைவர் சிரிக்கிறார், டீச்சர் பஸ்ஸுக்கு வந்துவிட்டாள் என்று. வந்துவிட்டேன். மாலை 6.40க்கு வந்துகொண்டிருந்த டவுன் பஸ் ஒன்றரை வருடமாக இல்லை. எந்தப் பணிமனை என்று மேடையில் சொல்ல மாட்டேன். ஜவுளிக்கடையில் நிற்கும் பிள்ளைகளும் அண்டி ஆபீஸ் பெண்களும் அதில்தான் வந்தார்கள். அந்த முப்பத்தைந்து நிமிடம்தான் பக்கத்து சீட்காரியிடம் மனம்விட்டுப் பேசக் கிடைத்த நேரம். ஒருத்தியின் முகம் வாடியிருந்தால் இன்னொருத்தி கேட்பாள். இப்போது கணவரோ கொழுந்தனோ பைக்கில் வந்து கூட்டிப் போகிறார்கள். வர இஷ்டமில்லாத அன்று கடை வாசலில் நிற்க வைக்கிறார்கள், ஒரு மணி நேரம், தண்டனை மாதிரி. ஆளைத் தனியாக்குவது முதல் அடையாளம் என்றேனே, அதற்கு ஒரு பேருந்தை நிறுத்துவதும் உதவும் என்று நான் மனுவில் எழுதினேன். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் இதுவரை பதினோரு தடவை கொடுத்தாயிற்று. பன்னிரண்டாவது மனு வாசல் மேசையில் இருக்கிறது. 1859இல் மேலாடை போடும் உரிமைக்குத் திருவிதாங்கூர் அரசின் உத்தரவு வரும்வரை விடாமல் நின்ற பெண்களின் ஊர் இது, பதினொன்றெல்லாம் ஒரு கணக்கா? எறும்பு ஊரக் கல்லும் தேயும். இந்தத் தடவை எறும்பு நாம்.

சீட்டு வந்துவிட்டது. நாலாவது, தற்கொலை செய்வேன் என்று மிரட்டிப் பணிய வைப்பது. ஐந்து, நாள்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பது. ஆறாவது, அதற்கெல்லாம் பிறகு வரும் பட்டுச் சேலை. ஒவ்வொன்றும் அரை மணி நேரம் பேச வேண்டியவை. விவரமாக எழுதிய தாளை நூலகத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், நகல் எடுத்துக் கொள்ளுங்கள். கேள்வி நேரத்துக்கு இருக்க எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் ஊருக்கு இப்போது கடைசி பஸ் 5.50. வணக்கம்.