பீரோவுல பூட்டி வெச்ச லேப்டாப் ஏன் செத்துச்சு?

(காட்சி: கடை மேசை மேல ஒரு லேப்டாப். திரையில ஒட்டுன பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கல.)

வணக்கங்க. இந்த லேப்டாப் கீழ விழுகல, மழையில நனையல, ஒரு கீறல் கூட இல்ல. ஆனா பட்டனை அமுக்குனா உசுரு இல்ல. பல்லடம் பக்கத்துல ஒரு ஊட்டுல இருந்து துண்டுல சுத்தி, கொழந்தையத் தூக்கிட்டு வர்ற மாதிரி கொண்டாந்தாங்க. "ஏனுங், பாப்பா இதை எடுக்கவே இல்லீங்க, பட்டுச்சேலைக்கு நடுவுல வெச்சுப் பூட்டியிருந்தேன்"னாங்க அந்தம்மா. எத்தனை நாளுன்னு கேட்டேன். ஒரு வருசத்துக்கு மேலயாம்.

அங்கதானுங்க தப்பு.

(காட்சி: பேட்டரி செல் படம். 4.2-ல இருந்து எண் மெல்ல இறங்குது.)

உள்ள இருக்கறது லித்தியம் அயன் பேட்டரி. ஒரு செல் முழுசா ஏறுனா 4.2 வோல்ட் இருக்கும். சும்மா கெடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா வடியும். சுமார் 2.5 வோல்ட்டுக்குக் கீழ போயிட்டா, உள்ள இருக்கற பாதுகாப்பு சர்க்யூட் 'இனி இதுக்கு சார்ஜ் ஏத்தறது ஆபத்து'ன்னு கதவை அடைச்சிரும். அப்பறம் ராத்திரி பூரா சொருகி வெச்சாலும் ஏறாது. பரீட்சைன்னு எடுத்து வெக்கறதா இருந்தா, பாதி சார்ஜ்ல ஆஃப் பண்ணி வெய்யுங்க. ஸ்லீப்புல போட்டு மூடாதீங்க. மாசத்துக்கு ஒருக்கா எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டி, திரும்பப் பாதிக்கு ஏத்தி வெய்யுங்க.

தினமும் ஓட்டறவங்களுக்கு ஒரே கணக்கு: சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழ எறங்க விடாதீங்க, 80-க்கு மேல எந்நேரமும் வெச்சிருக்காதீங்க. ஊருக்குப் போறப்ப நூறு ஏத்திக்கிட்டா ஒண்ணும் குடி முழுகிடாது.

(காட்சி: தறி குடோன். கூரையில ஒட்டடை மாதிரி தொங்கற பஞ்சு.)

இப்ப நம்மூரு சமாச்சாரத்துக்கு வரலாம். சோமனூர், பல்லடம், திருப்பூர்ப் பக்கத்துல இருந்து வர்ற லேப்டாப்பைக் கழட்டுனா, அது எந்த ஊருன்னு கேக்காமலே சொல்லிருவேன். ஃபேனுக்கும், சூட்டை வெளிய தள்ளற அந்தச் செம்புத் தகட்டுக்கும் நடுவுல பஞ்சு மெத்தை மாதிரி அடைஞ்சிருக்கும். பொள்ளாச்சிப் பக்கம்னா தென்னை நார்த் தூசி. போதாக்கொறைக்கு ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து. காத்தாடி சுத்தறதுக்கு நல்லதுதான். லேப்டாப்புக்கு அது மண்ணு அள்ளிப் போடற காத்து.

பஞ்சு அடைச்சா சூடு வெளிய போகாது. சூடு ஏறுனா மெசினு தானா வேகத்தைக் கொறைச்சுக்கும். 'வைரஸ் வந்திருச்சுங்க, ரொம்ப ஸ்லோ'ன்னு கொண்டாந்து குடுக்கறதுல பல மெசினுக்கு வந்த நோய் இந்தப் பஞ்சுதான். அதே சூடு பேட்டரியையும் சீக்கிரம் கெழவனாக்கிரும்.

அதனால தறி ஓடற ஊடா இருந்தா, குடோனுக்குள்ள வெச்சு ஓட்டாதீங்க. ஆசாரத்துலயோ உள்ரூம்புலயோ மேசை, முக்காலி, ஒண்ணும் இல்லீன்னா ஒரு பலகை போட்டு அது மேல வெய்யுங்க. மெத்தை, தலகாணி, மடியில போர்த்துன போர்வை, இதெல்லாம் அடியில இருக்கற காத்து ஓட்டையை அடைச்சிரும். ஓட்டினது முடிஞ்சா மூடி, பையில போட்டிருங்க. வாரம் ஒருக்கா மெதுவான பிரஷ்ஷால அந்த ஓட்டைகளைத் தட்டி விட்டாப் போதும்.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. பஞ்சர் கடைக் கம்ப்ரஸ்ஸர்ல காத்து அடிக்கறது. அந்த வேகத்துல ஃபேன் அளவுக்கு மீறிச் சுத்தி பேரிங் போயிரும், காத்தோட தண்ணியும் உள்ள போகும். நானே கடை போட்ட புதுசுல ஒரு மெசினை இப்படிக் கெடுத்து, கைக்காசு போட்டு ஃபேன் மாத்திக் குடுத்தேன்.

(காட்சி: மூணு பின் பிளக். மூணாவது பின் மட்டும் பெருசா.)

அடுத்தது கரண்டு. தோட்டத்துல மோட்டாரைப் போட்டா ஊட்டுல லைட்டு மங்கும், பாத்திருப்பீங்க. அதுக்குப் பயப்பட வேண்டாம். சார்ஜர் மேல படிச்சுப் பாருங்க, 100-240 வோல்ட்னு போட்டிருக்கும். கொறைஞ்ச கரண்டை அது சமாளிச்சுக்கும். கரண்டு போயிட்டுத் திரும்பி வர்ற அந்த நொடியும், இடியும்தான் எமன். கரண்டு போனதும் பிளக்கைக் கழட்டிட்டு, வந்து அஞ்சு நிமிசம் கழிச்சு சொருகுங்க. ஐப்பசியில இடி இடிச்சா சுவிட்சை ஆஃப் பண்ணுனா மட்டும் பத்தாது, பிளக்கையே உருவணும். நெட்டு ஒயரு சொருகியிருந்தா அதையும்.

சார்ஜ் போட்டுட்டு லேப்டாப்பைத் தொட்டா சுர்ருன்னு இருக்குதா? நெறைய புள்ளைக சொல்லுவாங்க. மூணு பின் இருக்கற சார்ஜர்ல, உள்ள இருக்கற ஃபில்டர்ல கசியற துளிக் கரண்டு எர்த் வழியா மண்ணுக்குப் போகணும். எர்த் இல்லாத ஊட்டுல அது உங்க கை வழியா வழி தேடுது. மூணாவது பின்னை ஒடைச்சு ரெண்டு பின் பிளக்குல சொருகறதும் இதே கதைதான். எர்த்துக் குழி இருந்தும் சுர்ருங்குதுன்னா, சித்திரை வெயில்ல மண்ணு காஞ்சிருக்கலாம். குழியில நாலு கொடம் தண்ணி ஊத்திப் பாருங்க. அப்பவும் நிக்கலீன்னா எலக்ட்ரீசியனைக் கூப்பிடச் சொல்லி அப்பாகிட்டச் சொல்லுங்க. இது லேப்டாப்போட போற விசயம் இல்ல, ஃப்ரிட்ஜு, கிரைண்டர் எல்லாத்துக்கும் அந்த எர்த்துதான்.

(காட்சி: ஸ்கூல் பை. உள்ள தூக்குப் போசி, தண்ணி பாட்டில், நடுவுல லேப்டாப்.)

இந்தப் படத்துல தப்பு எதுன்னு உங்களுக்கே தெரியும். அரிசிம்பருப்பு சாதம் கூட வெளிய வராது, ரசம் வந்திரும். அது வரலீன்னாலும், நிக்க எடமில்லாத பஸ்ஸுல பை நசுங்கறப்ப டிபன் பாக்ஸோட விளிம்பு திரையில அழுந்தும். முழுங்கையளவு ஒரு கோடு, அவ்வளவுதான், திரை மாத்தணும். மூடறப்ப கீபோர்டு மேல பேனா, இயர்போன் கெடக்குதான்னும் பாத்துக்கோங்க.

2011-ல அரசு பிளஸ் டூ புள்ளைகளுக்கு இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சப்ப வந்த மெசினுகள்ல சுத்தற ஹார்ட் டிஸ்க் இருந்துச்சு. அக்கா, அண்ணன் குடுத்த பழைய லேப்டாப் உங்க கையில இருந்தா, ஓடிட்டிருக்கும்போது தூக்கிட்டு நடக்காதீங்க. டிஸ்க்குக்கும் படிக்கற ஊசிக்கும் நடுவுல இருக்கற எடவெளி முடியோட கனத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இருக்காது. ஒரு குலுக்குல கீறல் விழுந்திரும்.

தண்ணியோ காப்பியோ கொட்டிருச்சா? மொதல்ல சார்ஜரை உருவுங்க, பட்டனை அமுக்கிப் புடிச்சு ஆஃப் பண்ணுங்க, கூடாரம் மாதிரி கவுத்து வெய்யுங்க. அரிசி மூட்டைக்குள்ள பொதைக்க வேண்டாம், அரிசி உள்ள இருக்கற ஈரத்தை இழுக்காது, தவிடுதான் உள்ள போகும். 'ஓடுதான்னு ஒருக்காப் பாக்கலாம்'னு ஆன் பண்றதுதான் போர்டைச் சாகடிக்கறது. நேரா சர்வீஸுக்கு.

ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் கொண்டு போனா, அங்க இருக்கற கம்ப்யூட்டர்ல வைரஸ் இருந்தா அது ஒட்டிக்கிட்டு, உங்க ஃபைல் எல்லாம் ஷார்ட்கட்டா மாறி வரலாம். பிரிண்ட்டுக்கு பி.டி.எஃப்.-ஐ மெயில்ல அனுப்பிருங்க.

(காட்சி: மேசை மேல லேப்டாப். ஒரு விரல் மூலையைத் தட்டுது, லேப்டாப் ஆடுது.)

கடைசியா, இந்த வீடியோவை நிறுத்திட்டு உங்க லேப்டாப்பைச் சமமான மேசை மேல வெச்சு மூலையைத் தட்டிப் பாருங்க. முன்ன ஆடாதது இப்ப ஆடுதா? டச்பேடு மேல புடைச்சிருக்குதா? உள்ள பேட்டரி உப்பியிருக்குதுன்னு அர்த்தம். ஆஃப் பண்ணுங்க, சார்ஜ் போடாதீங்க, அமுக்கியோ குத்தியோ பாக்காதீங்க, தீப்புடிக்கும். படுக்கைக்குப் பக்கத்துல வெக்காம, சிமெண்டுத் தரையில தனியா வெச்சுட்டு, விடிஞ்சதும் கொண்டு போய்க் குடுத்திருங்க.