பப் க்விஸ் நைட்: மைக்கைப் பிடிச்சு யாரும் சண்டைக்கு வராத மாதிரி கேள்வி எழுதுறது எப்படி?

வணக்கம் மக்களே! சவுண்ட் சரியா வருதா... ம், வருது.

இன்னைக்கு பப் க்விஸ், அதாவது பப்ல டேபிளுக்கு ஒரு டீமா உட்கார்ந்து பதில் எழுதுற போட்டி. இங்கிலாந்துல இருக்கிற நம்ம ஆளுங்க பாதிப் பேர் தலையில என்னைக்காவது ஒருநாள் இந்த வேலை விழும். ஆபீஸ்லயோ கிரிக்கெட் கிளப்லயோ "அடுத்த வியாழக்கிழமை க்விஸ் நீங்க நடத்திடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. உடனே நெட்ல தட்டி அம்பது ஜெனரல் நாலெட்ஜ் கேள்வியை அப்படியே பிரின்ட் எடுப்போம். வினையே அங்கதான் ஆரம்பிக்குது.

இந்த க்விஸ் எதுக்கு வந்துச்சுன்னு முதல்ல பாத்துக்கலாம். 1976-ல பர்ன்ஸ் அண்ட் போர்ட்டர்னு ஒரு கம்பெனி, கூட்டம் இல்லாத ராத்திரியில பப்புக்கு ஆள் வர வைக்கத்தான் க்விஸ் லீக் நடத்த ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம்தான் இது நாடு பூரா பரவுச்சு. அதனால இது பரீட்சை இல்ல. பார்ல வியாபாரம் நடக்கணும், டேபிள்ல வாக்குவாதம் நடக்கணும். அந்த வாக்குவாதம் டேபிளுக்குள்ளயே நடந்தா நல்ல கேள்வி. எழுந்து உங்க மைக் வரைக்கும் வந்துச்சுன்னா, கேள்வி எழுதினதுல ஓட்டைன்னு அர்த்தம்.

ஒரு ஓட்டையைப் பக்கத்துல வச்சுக் காட்டுறேன். இங்க எல்லா க்விஸ்லயும் வர்ற கேள்வி இது: "எட்டாம் ஹென்றியோட ஆறு மனைவிகள்ல, அவர் செத்த பிறகும் உயிரோட இருந்தது யார்?" இங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்கே ஒரு பாட்டு மாதிரி தெரியும்: டிவோர்ஸ்டு, பிஹெடெட், டைடு, டிவோர்ஸ்டு, பிஹெடெட், சர்வைவ்டு. கடைசியில வர்ற சர்வைவ்டு யாரு? கேத்தரின் பார். உங்க விடைத்தாள்லயும் அதான் இருக்கும். ஆனா ஒரு டேபிள்ல ஆன் ஆஃப் கிளீவ்ஸ்னு எழுதியிருப்பாங்க, அவங்க எழுதினதும் சரி! ஹென்றி செத்தது 1547. கேத்தரின் பார் 1548-ல போயிட்டாங்க. நாலாவது மனைவி ஆன், கல்யாணத்தை ரத்து பண்ணி அனுப்பின அம்மா, 1557 வரைக்கும் இருந்தாங்க. ஆக பதில் ரெண்டு. ரெண்டாவது பதிலை நீங்க தப்புன்னு சொன்னா அந்த டேபிள் ராத்திரி பூரா உங்களை விடாது.

இந்தக் கேள்வியைத் தூக்கிப் போட வேண்டாம், திருப்பிப் போடுங்க: "ஆறு மனைவிகள்ல கடைசியா இறந்தது யார்?" இப்ப பதில் ஒண்ணே ஒண்ணு, ஆன் ஆஃப் கிளீவ்ஸ். பாட்டை நம்புறவங்க எல்லாம் கேத்தரின் பார்னு எழுதுவாங்க. ஹிஸ்டரி படிச்ச ஒருத்தர் "இருங்க இருங்க"ன்னு பேனாவைப் பிடிப்பார். அந்த "இருங்க இருங்க"தான் நமக்கு வேணும்.

இதே மாதிரி "உலகத்திலேயே நீளமான நதி எது"ன்னு கேக்காதீங்க. நைல்னு புத்தகத்துல இருக்கும். அமேசான் எங்க ஆரம்பிக்குதுங்கிறதுலயே தகராறு இருக்கு, 2007-ல பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் அமேசான்தான் நீளம்னே சொன்னாங்க. நைல் வேணும்னா "வெள்ளை நைலும் நீல நைலும் எந்தத் தலைநகரத்துல சேருது?"ன்னு கேளுங்க. கார்ட்டூம். முடிஞ்சுது கதை. "உலகத்துல எத்தனை நாடு?"ன்னு கேட்டா தைவான், கொசோவோன்னு கிளம்பிடும், "ஐக்கிய நாடுகள் சபையில எத்தனை உறுப்பு நாடு?"ன்னு கேட்டா 193, பேச்சே இல்ல. மின்சார பல்பு, ரேடியோ, டெலிபோன் யார் கண்டுபிடிச்சாங்கன்னு தொடவே தொடாதீங்க. பல்புக்கு எடிசன்னு சொன்னீங்கன்னா நியூகாசில் பக்கத்து ஆள் ஒருத்தர் ஜோசஃப் ஸ்வான் பேரைச் சொல்லிட்டு எழுந்து நிப்பார்.

அடுத்தது ஊசிப்போன கேள்வி. எழுதினப்ப சரியா இருந்திருக்கும், இப்ப கெட்டுப் போயிருக்கும். "எந்தக் கிரகத்துக்கு நிலா அதிகம்?" 2023 பிப்ரவரியில கேட்டிருந்தா வியாழன், 92. அதே வருஷம் மே மாசம் சனி 145-னு முந்திடுச்சு. 2025 மார்ச்ல சனிக்கு 274. பழைய புத்தகத்தை எடுத்தா வேற எண்ணிக்கைதான் இருக்கும். கஜகஸ்தான் தலைநகரம் அஸ்தானா. 2019-ல நூர்-சுல்தான்னு மாத்தினாங்க. 2022-ல மறுபடியும் அஸ்தானா. ஈஃபிள் டவர் உயரம் 324 மீட்டர்னு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. 2022 மார்ச்ல மேல புது ஆன்டெனா வச்சாங்க, இப்ப 330.

இந்த வகையில எனக்கு ரொம்பப் பிடிச்சது பீரியாடிக் டேபிள் கேள்வி. "பீரியாடிக் டேபிள்ல எங்கயுமே வராத ஒரே இங்கிலீஷ் எழுத்து எது?" பதில் ஜேன்னு ஆயிரம் லிஸ்ட்ல இருக்கு. தப்பு! முன்னாடி 114-வது தனிமத்துக்கு உனுன்குவாடியம்னு தற்காலிகப் பேர் இருந்துச்சு, க்யூ எழுத்து அதுல மட்டும்தான் இருந்துச்சு. 2012-ல அதுக்கு ஃப்ளெரோவியம்னு நிரந்தரப் பேர் வச்சதோட க்யூவும் போச்சு. இப்ப பேர்லயும் குறியீட்டுலயும் ஜேவும் இல்ல, க்யூவும் இல்ல. அதனால "எந்த ரெண்டு எழுத்து?"ன்னு கேட்டு ரெண்டு மார்க் குடுங்க. பதிலா ஜே மட்டும் எழுதினவங்களுக்கு ஒரு மார்க். அவங்களும் சந்தோஷம், உங்களுக்கும் நிம்மதி.

நிலாக் கேள்வி வேணும்னா "சூரியக் குடும்பத்திலேயே பெரிய நிலா எது?"ன்னு மாத்துங்க: கானிமீட். ஆனா "மெர்க்குரியை விடப் பெரிய நிலா எது?"ன்னு எழுதிடாதீங்க. சனியோட டைட்டனும் குறுக்களவுல மெர்க்குரியை விடப் பெருசு. ஒரு வார்த்தை மாறினா ரெண்டாவது பதில் உள்ள நுழைஞ்சிடும்.

சரி, நெட்ல நாலு சைட்ல ஒரே பதில் இருந்தா நம்பலாமா? கூடாது. நாலும் ஒண்ணைப் பாத்து ஒண்ணு காப்பி அடிச்சதா இருக்கும். இதுக்கு க்விஸ் உலகத்துல ஒரு பேர்போன கேஸ் இருக்கு. ஃபிரெட் வொர்த்னு ஒரு அமெரிக்கர், துணுக்குத் தகவல் தொகுப்புகள் போட்டவர். காப்பி அடிக்கிறவங்களைப் பிடிக்கணும்னு வேணும்னே ஒரு பொய்யை உள்ள நட்டு வச்சார்: டிவி துப்பறிவாளர் கொலம்போவோட முதல் பேர் ஃபிலிப். சீரியல்ல அப்படி ஒரு பேரே கிடையாது, அடையாள அட்டையை குளோசப்ல பாத்தா ஃபிராங்க்னு இருக்கும். டிரிவியல் பர்சூட் கேம் கார்டுல அந்த ஃபிலிப் அப்படியே வந்து உட்கார்ந்துச்சு. 1984-ல 300 மில்லியன் டாலர் கேட்டு கேஸ் போட்டார். அவர் புத்தகத்தையும் பயன்படுத்தினோம்னு கேம்காரங்க ஒத்துக்கிட்டாங்க, ஆனா தகவலுக்கு காப்பிரைட் கிடையாதுன்னு கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு. ஃபிலிப் மட்டும் இன்னும் க்விஸ் லிஸ்ட்ல சுத்திக்கிட்டே இருக்கார்.

அதனால ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சின்ன அட்டை போடுங்க. இதோ, கேமராக்குக் கிட்ட காட்டுறேன். மேல கேள்வி. கீழ பதில். அதுக்குக் கீழ "ஏத்துக்கலாம்", "ஏத்துக்கக் கூடாது"ன்னு ரெண்டு வரி. மூலையில நீங்க சரிபார்த்த தேதி. இதுல மத்த எதை விட்டாலும் அந்த ரெண்டு வரியை விடாதீங்க. லண்டன் டியூப், அதாவது பாதாள ரயில், உதாரணம் ஒண்ணு: "மேக்கரல்ங்கிற வார்த்தையில இருக்கிற ஒரு எழுத்துகூட இல்லாத டியூப் ஸ்டேஷன் எது?" செயின்ட் ஜான்ஸ் வுட். டியூப்ல மொத்தம் 272 ஸ்டேஷன், இது ஒண்ணுதான் தேறும். ஆனா செயின்ட்டை முழுசா எழுதினா ஏ எழுத்து வந்துடும், சுருக்கி எஸ்-டின்னு போட்டாதான் கணக்கு சரி. அப்புறம் யாராவது ஹாக்ஸ்டன்னு எழுதுவாங்க. எழுத்துக் கணக்குப்படி அதுவும் பொருந்தும்! ஆனா அது ஓவர்கிரவுண்ட்ங்கிற வேற ரயில், டியூப் இல்ல. இது அட்டையில இருந்தா ஒரு நொடியில தீர்ப்பு சொல்லிடலாம். இல்லேன்னா மைக்கைப் பிடிச்சுக்கிட்டு முழிக்கணும்.

நம்ம பக்கத்துச் சரக்கும் ஒண்ணு இருக்கு, இங்க நல்லா எடுபடும்: "எந்த சூப்போட பேருக்கு மூல மொழியில 'பெப்பர் வாட்டர்'னு அர்த்தம்?" முல்லிகடானி. நம்ம மிளகுத்தண்ணி! இங்க அந்த சூப் டின்லயே கிடைக்கும், அதனால பேர் எல்லாருக்கும் தெரியும், அர்த்தம்தான் தெரியாது. தெரிஞ்ச பேரு, தெரியாத வழி: பப் கேள்விக்கு இதை விடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. கேட்டமரானை இதே மாதிரி கேட்டா நம்ம டேபிள்காரங்க மட்டும் அள்ளிடுவாங்க, பாத்துக்கோங்க.

எவ்வளவு கஷ்டம் வைக்கிறது? பத்துக் கேள்வியில மூணு எல்லாருக்கும் வரணும், அஞ்சு டேபிள்ல யாராவது ஒருத்தருக்கு வரணும், ரெண்டு யோசிச்சுப் பிடிக்கிற மாதிரி. ஜெயிக்கிற டீம் எட்டு, ஒன்பது. கடைசி டீம் நாலு, அஞ்சு. கடைசி டீம் ரெண்டு மார்க்ல நின்னா பிரேக்ல கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடும். முதல் கேள்வி எப்பவும் சுலபம். வெறும் வருஷம் கேக்கிற கேள்வி ரவுண்டுக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம். தெரிஞ்சா தெரியும், தெரியலேன்னா டேபிள்ல பேசறதுக்கு ஒண்ணும் இல்ல.

நேரக் கணக்கு. ஒரு கேள்வியை ரெண்டு தடவை படிக்கணும், நடுவுல இருபது செகண்ட் இடைவெளி. கேள்விக்கு 45 செகண்ட்னு வச்சா பத்துக் கேள்வி ஏழரை நிமிஷம். கடைசியில பத்தையும் விறுவிறுன்னு ஒரு தடவை திரும்பப் படிக்க மூணு நிமிஷம். பேப்பர் மாத்தி, பதில் சொல்லி, மார்க் கூட்ட அஞ்சு நிமிஷம். ஆக ரவுண்டுக்கு 16 நிமிஷம், அஞ்சு ரவுண்டுக்கு 80. நடுவுல 20 நிமிஷம் பிரேக். அதைக் குறைக்காதீங்க, பப்காரர் வருமானமே அந்த இருபது நிமிஷம்தான். பிக்சர் ரவுண்டை ஆரம்பத்திலேயே டேபிள்ல வச்சிடுங்க, பிரேக்ல வாங்கிக்கலாம், தனியா நேரம் எடுக்காது. எட்டு மணிக்கு ஆரம்பிச்சா பத்துக்குள்ள முடிஞ்சிடும். டீமுக்கு ஆறு பேருக்கு மேல சேர்க்காதீங்க. எட்டுப் பேர் உட்கார்ந்தா நாலு பேர் சும்மா இருப்பாங்க.

போன் பிரச்சனை. எல்லார் கையிலயும் போன் இருக்கு, "தொடாதீங்க"ன்னு சொல்றது பாதிதான் வேலை செய்யும். கேள்வியிலேயே தடுப்பு வைக்கணும். பிக்சர் ரவுண்டுல முழுப் படம் போட்டா போன் கேமராவைக் காட்டினதும் பேர் வந்துடும். ஒரு காது, ஒரு கண்ணாடி ஓரம், லோகோவுல கால்வாசின்னு வெட்டி, கறுப்பு வெள்ளையில பிரின்ட் எடுங்க. இன்னொரு வழி: ரவுண்டுல ஒன்பது பதிலுக்கும் பொதுவா ஒரு தொடர்பு, பத்தாவது கேள்வி "அந்தத் தொடர்பு என்ன?" அதைத் தேட என்ன தட்டுறதுன்னே தெரியாது.

படிக்கிறப்ப ஒரு விஷயம். பப்ல இரைச்சல் இருக்கும், ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒரே மாதிரிதான் கேக்கும். "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்"னு சேர்த்துச் சொல்லுங்க. ஸ்பெல்லிங்குக்கு மார்க் குறைக்க மாட்டோம், சர்நேம் போதும். இந்த ரெண்டு விதியையும் முதல் கேள்விக்கு முன்னாடியே சொல்லிடுங்க, நடுவுல சொன்னா பாரபட்சம் மாதிரி தெரியும். தப்பு உங்க மேலன்னு தெரிஞ்சா ரெண்டு பதிலுக்கும் மார்க் குடுத்துட்டு நகருங்க. கேள்வியை ரத்து பண்ணாதீங்க, சரியா எழுதினவங்க சும்மா விட மாட்டாங்க.

கடைசியா டை பிரேக்கர், அதாவது ரெண்டு டீம் சமமா நின்னா ஜெயிச்சது யாருன்னு முடிவு பண்ற கேள்வி. கட்டாயம் ரெண்டு கையில இருக்கட்டும். ரெண்டுமே எண்ணாதான் இருக்கணும், யாருக்கும் சரியாத் தெரியாத எண்ணா, கிட்ட வர்றவங்க ஜெயிக்கிற மாதிரி. லண்டன் மாநுமென்ட்ல மேல ஏற எத்தனை படி? 311. ரெண்டு டீமும் ஒரே நேரத்துல எழுதிக் காட்டணும். வாயால சொல்ல விட்டா, ரெண்டாவதா சொல்றவர் முதல் ஆள் சொன்ன எண்ணுக்கு ஒண்ணு கூட்டியோ குறைச்சோ சொல்லிட்டு உட்கார்ந்துடுவார். இன்னொண்ணு நாள் கணக்கு. இதுல நிலாவுல கால் வச்ச நாளை எடுக்காதீங்க: அமெரிக்காவுல அது 1969 ஜூலை 20 ராத்திரி, லண்டன்ல 21 விடியக்காலம் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. ஒரு நாள் இடிக்கும். இங்கிலாந்து ஃபுட்பால் உலகக் கோப்பை ஜெயிச்ச 1966 ஜூலை 30-லேர்ந்து பெர்லின் சுவர் திறந்த 1989 நவம்பர் 9 வரைக்கும் எத்தனை நாள்னு கேளுங்க. முதல் நாளைச் சேர்க்காம எண்ணினா 8,503. அந்த "முதல் நாளைச் சேர்க்காம"ங்கிறதையும் அட்டையில எழுதிக்கோங்க, கேள்வியோட சேர்த்துப் படிக்கணும்.