ஒரே தீவு, வேறு வேறு மணல்

(தர்மபுரியில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இலங்கைக் கடற்கரைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். போய் வந்தவர்களைக் கேட்டால் ஒருவர், "இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்தோம்" என்பார். இன்னொருவர், "அலை காலை ஊன்றவே விடவில்லை" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஒரே தீவில் இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அதை நம் ஊர்ப் பாறையிலிருந்து தொடங்குகிறேன்.

ஒகேனக்கல்லில் காவிரி பாறையை அறுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். பாறைக்குள் இருக்கும் தாதுக்களில் பல, வெயிலிலும் மழையிலும் உளுத்துக் களிமண்ணாகிவிடும். வெங்கச்சாங்கல் என்கிற குவார்ட்ஸ் மட்டும் உளுக்காது. உடைந்து, உருண்டு, சிறுத்து, மணலாகி ஆற்றோடு போகும். அப்படித்தான் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறை தென்பெண்ணையில் இறங்கிக் கடலூர்க் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது வழியில் கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் இருக்கின்றன. தண்ணீரைத் தேக்கும் அணை மணலையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. நம்மிடம் கடல் இல்லை என்கிறோமே, கடற்கரைக்கு வேண்டிய சரக்கு நம்மிடமிருந்துதான் போனது.

இலங்கையின் நடுமலைநாட்டிலும் இதே கதைதான். நம் மாவட்டத்தில் ஜல்லிக்கு உடைக்கிற சார்னோகைட் வகைக் கருங்கல் அங்கேயும் உண்டு. கோண்ட்வானா என்ற பழைய பெருநிலத்தில் இந்தியாவும் இலங்கையும் ஒட்டிக்கிடந்தவை. தீவின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதி. நடுவே 2,524 மீட்டர் உயரத்தில் பிதுருதலாகலை. அந்த மலைநாட்டிலிருந்து நாலா பக்கமும் ஆறுகள் இறங்குகின்றன. அவற்றில் நீளமான மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு மட்டும் இந்த மணல் ஆற்றோடு வருவதில்லை. அங்கே மலை கிடையாது, வற்றாத ஆறும் கிடையாது. தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி நிலத்தடியில் ஓடும். கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊற்றெடுப்பது அதனால்தான். கரையில் கிடப்பதில் பெரும்பகுதி கிளிஞ்சலும் பவளமும் நொறுங்கிய தூள். காரைநகரில் கசூரினா கடற்கரை என்று ஒன்று இருக்கிறது. சவுக்கு மரங்கள் கரை வரை நிற்கும், அலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, ஆழமும் இல்லை. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் அது. வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுக்குப் போனால் காட்சி அப்படியே மாறிவிடும். காற்று குவித்த மணல்மேடுகள் அங்கே பழைய தேவாலயம் ஒன்றையே மூடிக்கொண்டிருக்கின்றன. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. பயணம் ஏறக்குறைய நாலு மணி நேரம். தமிழர்கள் இந்தத் தீவுக்குள் கடல்வழியாகவே நுழைவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கிழக்குக் கரையில் தெற்கு நோக்கி இறங்கினால் முல்லைத்தீவு. இங்கே சற்று நிற்க வேண்டும். நந்திக்கடல் ஏரிக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்பட்டைதான் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதம் போர் முடிந்த இடம். பல்லாயிரம் குடும்பங்கள் போக வழியில்லாமல் அந்த மணலில் பதுங்குகுழி தோண்டி இருந்தார்கள். அங்கே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் நல்லது. படம் எடுக்க அந்தத் தீவில் வேறு எத்தனையோ கரை இருக்கிறது.

அதற்குத் தெற்கே புல்மோட்டையில் மணல் கறுப்பு. இல்மனைட், ருட்டைல், சிர்க்கோன் என்ற கனமான தாதுக்கள் அவை. அலை லேசான மணலை அள்ளிக்கொண்டு போக, கனமானது கரையில் தங்கிவிடுகிறது, முறத்தில் புடைப்பது போல. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் இதே வேலைதான் நடக்கிறது. வீட்டுச் சுவருக்கு அடிக்கிற பெயின்டில் வெள்ளை நிறம் தருவது இந்தக் கறுப்பு மணலிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டைஆக்சைடு.

அப்புறம் நிலாவெளி. நீண்ட வெளிர் மணல், எதிரே புறாமலைத் தீவு, அதைச் சுற்றிப் பவளப்பாறை. 2003இல் அது தேசியப் பூங்கா ஆனது. நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீரில் முகத்தை வைத்தாலே மீன்கூட்டம் தெரியும். தயவுசெய்து பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள், அது உயிருள்ளது. திருகோணமலையில் கடல் மணலைத் தொடாமல் நேராகப் பாறையில் மோதுகிறது. அந்தச் செங்குத்துப் பாறையின் உச்சியில் சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில். பாசிக்குடாவில்தான் அந்த இடுப்பளவுத் தண்ணீர். வெளியே இருக்கும் பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுகிறது. அறுகம் குடாவில் கரை வளைந்து முனையாக நீட்டிக்கொண்டிருப்பதால் அலை ஒழுங்காக உருண்டு வரும். பலகையில் அலைமேல் சறுக்குகிறவர்கள் உலகெங்கும் இருந்து வருகிறார்கள்.

தெற்கில் மிரிஸ்ஸ. அங்கே கரையை ஒட்டியே கடல் ஆழமாகிவிடுவதால் நீலத்திமிங்கிலம் பக்கத்தில் வருகிறது. ரெக்கவவில் ஆமைகள் முட்டையிட ஏறும். உலகில் உள்ள ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன.

தென்மேற்கில் ஹிக்கடுவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துக் கரையோரத்தில் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள். 1998இல் கடல் சூடேறியபோது மிஞ்சியிருந்த பவளத்திலும் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பவளம் வெட்டப்பட்ட இடங்களில் தண்ணீர் அதிக தூரம் உள்ளே புகுந்தது. ஹிக்கடுவைக்குப் பக்கத்தில் பெரேலியவில் ஒரு பயணிகள் ரயிலையே அலை புரட்டிப் போட்டது. அந்த ஒரு ரயிலில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பவளத்தை அழகுக்காகக் காப்பாற்றுகிறோம் என்று நினைக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கரையில் இருக்கும் வீட்டுக்கு அதுதான் முதல் மதில்.

பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டார்: "எங்களுக்குப் பிள்ளைகள் லீவு மே மாதம்தான் சார். அப்போ எந்தக் கரைக்குப் போறது?"

நல்ல கேள்வி. கிழக்குக் கரைக்குப் போங்கள் அம்மா. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலி, மிரிஸ்ஸ பக்கம் நேராக அடிக்கும். அந்த மாதங்களில் அங்கே கடலில் இறங்குவது ஆபத்து. அதே காற்று மலைநாட்டைத் தாண்டும்போது ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு, கிழக்கே வறண்டு வருகிறது. மட்டக்களப்பு மக்கள் அதைக் கச்சான் என்பார்கள். மேற்கு மலைகள் மழையை வாங்கிக்கொண்டு நம் தர்மபுரியைக் காய விடுகின்றனவே, அதே கணக்குதான். வெயில் கடுமையாக இருக்கும், ஆனால் திருகோணமலை, பாசிக்குடா இரண்டிலும் கடல் அமைதியாக இருக்கும். டிசம்பர் லீவு என்றால் தெற்கே போகலாம், அப்போது வாடைக்காற்றும் மழையும் கிழக்கில் இருக்கும். எங்கே போனாலும் தண்ணீரில் கால் வைக்கும் முன் அந்தக் கரை மீனவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். மே மாதம் நிலாவெளி போனால் புறாமலைக்குக் காலையிலேயே படகு ஏறிவிடுங்கள், கூட்டம் சேருவதற்கு முன்னால்.