கம்பத்துக்குக் குழி விட்டீங்களா?

(கோபிச்செட்டிபாளையத்தில் கட்டடப் பொறியாளர்களும் கோயில் திருப்பணிக் கமிட்டியினரும் கூடியிருந்த ஓர் அவையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கிற பெரியவர்களுக்கும், கமிட்டிக்காரர்களுக்கும், என்னோடு சைட்டில் வெயில் காய்ந்த மேஸ்திரிகளுக்கும் வணக்கமுங்க.

“இன்றைய வழிபாட்டுக் கட்டடங்களில் குறியீடு” என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்க்கிற சமாச்சாரத்தைத்தான் இவன் பேசப் போகிறான் என்று நினைத்திருப்பீர்கள். சரி, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மலேசியாவில் பத்துமலை முருகன் 140 அடி. 2006-இல் திறந்தார்கள். அதைச் செய்த திருவாரூர் ஸ்தபதியின் கைவேலையாகவே நம் சேலம் மாவட்டத்தில், ஏத்தாப்பூர் பக்கம் முத்துமலையில் நிற்கிற முருகன் 146 அடி. 2022-இல் குடமுழுக்கு நடந்தது. மருதமலைக்கு 184 அடி என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த 146-க்கு என்ன பொருள்? 140-ஐ விட ஆறு கூடுதல் என்பதுதான். “முருகனுக்கு ஆறு பொருத்தம்தானுங்களே” என்றார் ஒரு தம்பி. பொருத்தம்தான். ஆனால் கட்டி முடித்தபின் கண்டுபிடித்த பொருத்தம் அது.

வெள்ளியங்கிரி அடிவாரத்து ஆதியோகி அந்தக் கணக்கில் வராது. அங்கே எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் எஃகை வெட்டினார்கள். முக்திக்கு 112 வழிகளை ஆதியோகி சொன்னார், அதனால் 112 அடி. சுமார் 500 டன் எஃகு. 2017 மகா சிவராத்திரியில் பிரதமர் வந்து திறந்து வைத்தார். வேலைப்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்த முகத்தில் கழுத்துக்கு மேல் வெயில் நகர்வதைப் பார்த்தால் வெல்டிங் தெரிந்தவன் கும்பிடுவான். ஆனால் 112 என்பது கண்ணுக்குத் தெரிகிற எண்ணா? 105 அடி என்று சொல்லியிருந்தாலும் நம்பிவிட்டு வந்திருப்போம். யாராவது வாயால் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அங்கே போகிற சனங்கள் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெரிய முகத்தைப் போட்டோ எடுக்கிறார்கள். கும்பிட வேண்டும் என்று தோன்றியதும் முன்னால் இருக்கிற யோகேஸ்வர லிங்கத்துக்குப் போய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அத்தனை டன் எஃகு நிற்கிற இடத்தில், சனங்களின் கை ஒரு சின்ன லிங்கத்தைத் தேடிப் போகிறது.

கைக்கும் காலுக்கும் வேலை கொடுக்கிற குறியீடுதான் கட்டடத்தில் நிலைக்கும் என்பது என் கட்சி. மற்றதெல்லாம் பலகை விழுந்தால் கூடவே விழுந்துவிடும்.

எண்ணை வைத்துக் கட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. டில்லியில் பஹாய் சமயத்தாரின் தாமரைக் கோயில் இருக்கிறது, 1986-இல் திறந்தது. ஒன்பது அவர்களுக்கு உயர்ந்த எண். அந்த ஒன்பதை உயரத்தில் ஒளித்து வைக்காமல் ஒன்பது பக்கமாகவும் ஒன்பது வாசலாகவும் திறந்து விட்டார்கள். எந்தத் திசையில் வருகிறவனும் உள்ளே நுழையலாம். நம் வடலூரில் வள்ளலார் 1872-இல் திறந்த சத்திய ஞான சபையில் ஏழு திரை. தைப்பூசத்தன்று ஒவ்வொன்றாக விலகி ஜோதி தெரிகிறபோது கூட்டத்தில் நிற்கிற சின்னப் பிள்ளைகூட ஏழு என்று எண்ணிவிடுகிறது. ஏழு திரைக்கு என்ன தத்துவம் என்று தெரியாதவனுக்கும், மறைத்திருந்தது விலகியது என்பது புரிந்துவிடும்.

ஆதியோகி பக்கத்திலேயே தியானலிங்கம் இருக்கிறது. 1999-இல் பிரதிஷ்டை செய்தது. இரண்டும் ஒரே வளாகம் என்பதால் ஒன்றாகச் சேர்த்துப் பேசிவிடுகிறோம். கட்டடக்காரனுக்கு இரண்டும் வேறு வேறு. தியானலிங்கத்தின் கூரை 76 அடி விட்டமுள்ள கவிகை, 33 அடி உயரம். கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பு, மண் கலந்த சாந்தும்தான். ஒவ்வொரு கல்லும் விழப் பார்க்கிறது, பக்கத்துக் கல் விடமாட்டேன் என்கிறது. இங்கே இருக்கிற பையன்களில் கம்பி இல்லாமல் 20 அடி கூரை போடச் சொன்னால் எத்தனை பேர் கை தூக்குவீர்கள்? (சிரிப்பு.) உள்ளே போகிற வழியில் மூன்று படிகள், வழக்கத்தைவிட உயரம். முக்குணங்கள் என்று விளக்கம் சொல்வார்கள். விளக்கம் கேட்காதவனுக்கும் அந்தப் படியில் வேகம் குறைந்துவிடும், முழங்கால் குறைத்துவிடும். வாசலிலேயே பல சமயங்களின் சின்னங்களைச் செதுக்கிய சர்வ தர்ம ஸ்தம்பமும் நிற்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் தூணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கடந்து போகிறவர்கள், படியில் நிதானித்துத்தான் ஏறுகிறார்கள்.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன்.

கொங்கு நாட்டில் மாரியம்மன் பொங்கல் என்றால் கம்பம் உண்டு. தஞ்சாவூர்க்காரருக்கு விளக்க வேண்டியிருக்கும், உங்களுக்கு வேண்டியதில்லை. ஆனாலும் கட்டடக்காரன் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். திருவிழாவைத் தொடங்கி வைக்கிற பூச்சாட்டு முடிந்து ஒரு மரக்கிளையை வெட்டிக்கொண்டு வருகிறார்கள். மூன்றாகப் பிரிந்த கவை இருக்க வேண்டும். பட்டையை உரித்து மஞ்சள் பூசி அம்மனுக்கு எதிரே நடுகிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அது அம்மனின் புருஷன். தினமும் விடிகாலையில் பெண்கள் ஈரப் புடவையோடு குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள், வேப்பிலை செருகுகிறார்கள். ராத்திரி கவையில் ‘பூவோடு’ என்கிற நெருப்புச் சட்டியை வைத்து, தப்பட்டை அடித்து, இளவட்டங்கள் சுற்றி ஆடுகிறார்கள். பொங்கலும் மாவிளக்கும் முடிந்ததும் பிடுங்கிக் கொண்டுபோய் ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடுகிறார்கள். கரூரில் கம்பம் அமராவதிக்குப் போகிறபோது பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு கூட்டம், எவ்வளவு அழுகை. சில வாரமே நிற்கிற ஒரு கிளைக்கு இத்தனையும். ஸ்தபதி இல்லை, கல் இல்லை, எத்தனை அடி என்று கேட்பவரும் இல்லை.

ஒரு ஊரில் (பேர் வேண்டாம்) மாரியம்மன் கோயிலைப் புதுப்பித்தார்கள். நல்ல வசூல். வெளியூரிலிருந்து ஒருத்தர் வந்து படம் போட்டுக் கொடுத்தார். மகா மண்டபம் முழுக்க மெருகேற்றிய கருப்பு கிரானைட், ஓரமெல்லாம் எவர்சில்வர் கம்பி, கருவறைக்கு மேலே எல்இடி வளையம். கும்பாபிஷேகம் முடிந்து, அந்த வருஷப் பூச்சாட்டுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்கள். போனால் கமிட்டிக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு ஆத்தா, எண்பது வயது இருக்கும், என்னைப் பார்த்ததும் கேட்டது: “ஏனுங்க இஞ்சினியரு, தளம் நல்லாத்தான் இருக்குது. அம்மனோட ஊட்டுக்காரரை எங்கீங்க நடறது?”

கம்பக் குழியைக் கான்கிரீட் போட்டு மூடி, மேலே கிரானைட்டை ஒட்டிவிட்டார்கள். படத்தில் குழியே இல்லை. படம் போட்டவருக்குக் கம்பம் என்றால் என்னவென்று யாரும் சொல்லவில்லை. கமிட்டியிலும் ஒருத்தருக்குக்கூட ஞாபகம் வரவில்லை. ஒரு இரும்பு ஸ்டாண்டு செய்து அதில் கம்பத்தை நிறுத்திவிடலாம் என்றார் ஒருத்தர். ஆத்தா விடவில்லை. “கம்பம் மண்ணுல நிக்கோணுமுங்க.” அவ்வளவுதான் சொன்னது. நானும் ஸ்டாண்டு என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். அதற்குப்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கட்டிங் மிஷின் வைத்து ஒன்றரை அடிச் சதுரம் அறுத்தோம். கான்கிரீட்டை உடைத்து, அடியில் செம்மண் தெரிகிற வரைக்கும் போனோம். மேலே போட ஒரு கல் மூடி, தூக்குவதற்கு ரெண்டு பக்கமும் வளையம். அதோடு முடியவில்லை. முதல் நாள் காலையில் ஊற்றிய தண்ணீர் வழுவழுப்பான கல்லின்மேல் ஓடி, வரிசையில் நின்ற பெண்கள் காலுக்கடியில் போய்விட்டது. மஞ்சள், எண்ணெய், மெருகேற்றிய கிரானைட் மூன்றும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும். அன்றைக்கே மேஸ்திரி குழியைச் சுற்றி எட்டடிக்குத் தளத்தைப் பொளிந்து சொரசொரப்பாக்கி, வடக்கே ஒரு வாட்டம் கொடுத்து, தண்ணீர் வெளியே வேப்பமரத்துக்குப் போகிற மாதிரி ஒரு தாரை வெட்டினார். அவர் இப்போது இந்த அவையில்தான் இருக்கிறார், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். அந்தக் கோயிலிலேயே எனக்குப் பிடித்த கட்டடக்கலை அவர் பொளிந்த அந்த எட்டடிதான்.

அந்தக் குழி வருஷத்தில் முக்கால்வாசி நாள் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற அந்தப் பள்ளத்தை ஊர் வந்து நிரப்புகிறது. கோபுரக் கலசமும் அப்படித்தான். உள்ளே பொள்ளல்; குடமுழுக்குக்குக் குடமுழுக்கு பழைய தானியத்தை எடுத்துவிட்டுப் புதுசு போடுகிறோம். முன்னே அவரவர் மேட்டாங்காட்டு வரகும் கம்பும் சோளமும் வந்து விழும். இப்போது வரகை அரைக் கிலோ பாக்கெட்டில் வாங்கி வருகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் பாக்கெட்டைப் பிரித்துக் கையால் அள்ளித்தானே போடுகிறார்கள்.

காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போகாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். ஆண்டவன் உத்தரவுப் பெட்டி ஒரு சாதாரணக் கண்ணாடிப் பெட்டி. பக்தர் கனவில் ஒரு பொருள் வருகிறது, வந்து சொல்கிறார், பூப் போட்டுக் கேட்கிறார்கள், உத்தரவானால் அந்தப் பொருளை உள்ளே வைக்கிறார்கள். மண் இருந்திருக்கிறது, தண்ணீர் இருந்திருக்கிறது, துப்பாக்கிகூட இருந்திருக்கிறது. என்ன அர்த்தம் என்று கோயில் சொல்வதில்லை. மஞ்சள் வைத்தால் ஈரோட்டு மண்டியில் ஒரு பேச்சு ஓடும், அது சனங்கள் பாடு. நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயமுங்க. வடிவமைப்பு என்று பார்த்தால், பொருளை முன்கூட்டி எழுதி ஒட்டாமல் ஒரு காலி இடத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிற தைரியம் இன்றைக்கு எந்த ஆர்க்கிடெக்டுக்கு இருக்கிறது?

புது நோய் வந்தாலும் நம்ம சனங்கள் இடம் பார்த்து வைத்துவிடுவார்கள் என்பது இன்னொரு பக்கம். கோவையில் பிளேக் மாரியம்மன் இருக்கிறாள். 2021-இல் இருகூர் ஆதீனத்தில் கொரோனா தேவிக்கு ஒன்றரை அடியில் கருங்கல்லில் சிலை வைத்தார்கள். கேலி செய்தவர்கள் நிறைய. நான் கவனித்தது அந்த ஒன்றரை அடியை மட்டும்தான்.

கடைசியாக விளக்குத்தூண். கோயிலுக்கு வெளியே, வாசலுக்கு நேரே உயரமான ஒற்றைக் கல்தூண் நிறுத்துவது கொங்கு நாட்டுக் கோயில்களின் அடையாளம், அவிநாசியில் பாருங்கள். கார்த்திகையன்று ஆள் ஏறி மேலே எண்ணெய் ஊற்றித் திரி போட்டுக் கொளுத்தினால் தூரத்துக் காட்டில் நிற்பவனுக்கும் இன்றைக்கு என்ன நாள் என்று தெரிந்துவிடும். இப்போது என்ன செய்கிறோம்? வெயிலுக்கு வாசலில் தகரக் கொட்டகை போடுகிறோம். தூணை என்ன செய்வது? தகரத்தில் ஓட்டை போட்டுத் தூணின் தலையை மேலே விட்டுவிடுகிறோம். கீழே நிற்கிறவனுக்குத் தலை தெரியாது, மேலே ஏற ஏணி சாத்த இடம் கிடையாது. சீரியல் பல்பைச் சுற்றிவிட்டு ஒதுங்கிவிடுகிறோம்.

இது நமக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. பள்ளிவாசல் மினாராவில் மோதினார் படியேறி நின்று பாங்கு சொன்ன காலம் போய், ஒலிபெருக்கி மட்டும் மேலே இருக்கிறது. புதிதாகக் கட்டுகிற பல மினாராக்களில் உள்ளே படியே கிடையாது. நண்பர் ஒருவர், பள்ளிவாசல் கட்டுகிறவர், “படி வெச்சா செலவு, வெக்கலைன்னா மினாரா வெறும் தூணுங்க” என்று சொல்லிச் சலித்துக்கொண்டார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. சர்ச்சுகளில் கொடிமரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னைக்கும் மற்ற மாதா கோயில்களுக்கும் திருவிழா என்றால் முதலில் கொடியேற்றம். யாராவது ஒருத்தர் கயிற்றை இழுத்தே ஆக வேண்டும். மோட்டார் வைக்கிற வரைக்கும் பயமில்லை.

கமிட்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கொட்டகை போடும்போது விளக்குத்தூணைச் சுற்றி எட்டுப் பத்தடியாவது வானம் தெரிகிற மாதிரி விட்டுவிடுங்கள். ரெண்டு தூண் கால் கூடுதலாக வரும், செலவு ஒன்றும் பிரமாதமாகிவிடாது. ஏணி சாத்த வழி இருக்கும். படம் போடுகிறவர் வெளியூர்க்காரர் என்றால், படம் போடுமுன் ஒரு பொங்கல் சாட்டு முழுக்க அவரை ஊரில் உட்கார வையுங்கள். எங்கே தண்ணீர் ஊற்றுகிறார்கள், எங்கே மாவிளக்கு வைக்கிறார்கள், எந்த இடத்தில் கூட்டம் உட்காருகிறது என்று அவரே குறித்துக்கொள்ளட்டும்.

சுதை வேலை, வர்ணம் பற்றிக் கேள்வி இருப்பவர்கள் முன்வரிசையில் இருக்கிற ஸ்தபதி ஐயாவிடம் கேளுங்கள், எனக்கு அதில் ஞானம் குறைவு. தளம், வாட்டம், குழி பற்றி என்றால் என்னைக் கேளுங்கள். அந்த மேஸ்திரியைக் கேட்டால் இன்னும் நல்லது.