சட்டைப் பொத்தானும் பத்து நிமிடமும்

அனைவருக்கும் வணக்கம்.

ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறார். வலது கை விரல்கள் பொத்தானைத் தேடுகின்றன, பிடிபடவில்லை. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தால் பேச்சு குழறுகிறது. பத்தே நிமிடம்தான். அப்புறம் பொத்தானும் போட்டாயிற்று, பேச்சும் திரும்பியாயிற்று. ‘சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான்’ என்று கிளம்பிவிடுகிறார்.

அவருக்கு ரத்தத்தில் தட்டணுக்கள், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டுகள், எட்டு லட்சம். ஒரு மைக்ரோ லிட்டருக்கு ஒன்றரை முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டியவை. நோய்த்தொற்று, இரும்புச்சத்துக் குறைவு இவற்றாலும் எண்ணிக்கை ஏறும். பெரும்பாலும் காரணம் அப்படி ஏதாவதாகத்தான் இருக்கும். எலும்பு மஜ்ஜையே கட்டுப்பாடில்லாமல் தட்டணுக்களை உற்பத்தி செய்துகொண்டே போனால் அது எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியா. இந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஜேஏகே2 மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது. 2005இல்தான் அது தெரியவந்தது.

‘எத்தனை லட்சம் தாண்டினால் ஸ்ட்ரோக் வரும் டாக்டர்?’ எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அப்படி ஒரு கோடு கிடையாது. ஐந்து லட்சத்திலும் வரும். பன்னிரண்டு லட்சத்தோடு ஒரு தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்களும் உண்டு. பத்து லட்சத்துக்கு மேல் போனால் சிலருக்கு ரத்தக்கசிவே வரும். ரத்தத்தை உறையவைக்க உதவும் வான் வில்லிபிராண்ட் புரதத்தை அந்தத் தட்டணுக் கூட்டம் குறைத்துவிடுகிறது. அதனால்தான் அந்த நிலையில், ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரினைக் கொடுப்பதற்கு முன் பரிசோதித்துப் பார்க்கிறோம். நாங்கள் பயப்படுவது 60 வயதைத் தாண்டியவர்களையும், ஏற்கெனவே ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியவர்களையும் பார்த்துத்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிகரெட் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பொத்தான்காரருக்கு வருவோம். மூளையின் ஒரு தமனியில் தட்டணுக்கள் திரண்டு அடைத்தன, பிறகு கலைந்தன. இன்னொரு கட்டி கலையாமல் நின்றுவிட்டால் பக்கவாதம். அடுத்த இரண்டு நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. கை சரியாகிவிட்டாலும் அன்றே, அப்போதே அவசரப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும்.

மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களான சிரைகளின் பக்கம் அடைத்தால் கதை வேறு. கை கால் நன்றாகவே இருக்கலாம். தலைவலி மட்டும் நாளுக்கு நாள் ஏறும். வாந்தி, பார்வை மங்கல், சிலருக்கு வலிப்பு. சாதாரண சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சிரைகளைத் தனியாகப் படம் எடுக்க வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை இந்த அடைப்புக்குத் துணைபோகும். சிலருக்கு இந்தத் தலைவலிக்காக ரத்தம் எடுத்துப் பார்க்கும்போதுதான் தட்டணு நோய் இருப்பதே முதன்முதலாகத் தெரியவருகிறது.